கயாகோகா பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா

கயாகோகா பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து, ஆக்ரன் ஆகிய இரு தொழில் நகரங்களுக்கு இடையே கயாகோகா ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்துள்ள பொதுப் பூங்கா ஆகும். இதன் பரப்பளவு சுமார் 33,000 ஏக்கர் (ஏறத்தாழ 130 சதுர கிமீ). 1974 ஆம் ஆண்டு தேசியப் பொழுதுபோக்குப் பகுதியாகச் சட்டம் மூலம் ஏற்படுத்தப்பட்ட இது, 2000 ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகத் தரம் உயர்த்தப்பட்டது. இங்கு 200 கிமீ நீளத்திற்கு நடைதடங்கள் உள்ளன. ஆண்டுதோறும் 20 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இங்கு வருகின்றனர்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற தேசியப் பூங்காக்கள் பெரும்பாலும் மனிதர் அதிகம் குடியேறாத மலைகளையும் காடுகளையும் பாதுகாப்பதற்காக உருவானவை. கயாகோகா பள்ளத்தாக்கு அவற்றிலிருந்து வேறுபட்டது. கால்வாய், இருப்புப்பாதை, ஆலை, குப்பைக்கிடங்கு ஆகிய அனைத்தையும் கண்ட நிலத்தை மீட்டெடுத்து, நகரமக்கள் நடப்பதற்கும் இளைப்பாறுவதற்கும் உரிய இடமாக மாற்றியதே இதன் சிறப்பாகும்.

புவியியல்

கயாகோகா என்னும் பெயருக்கு "வளைந்த ஆறு" என்று பொருள் கூறுவர். இப்பெயர் அப்பகுதியின் தொல்குடியினரது மொழியிலிருந்து வந்தது. பெயருக்கேற்ப இந்த ஆறு முதலில் தெற்கு நோக்கி ஓடி, ஆக்ரன் அருகே உள்ள உயர்நிலத்தால் தடுக்கப்பட்டு, வடக்கே திரும்பிக் கிளீவ்லாந்தில் ஈரீ ஏரியில் கலக்கிறது. இதனால் ஆற்றின் தோற்றுவாய்க்கும் முகத்துவாரத்திற்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 50 கிமீ தொலைவே உள்ளது. ஆற்றின் ஏறத்தாழ 35 கிமீ நீளம் பூங்காவிற்குள் அடங்குகிறது.

ஆக்ரன் உயர்நிலம் ஒரு நீர்ப்பிரிமேடு ஆகும். அதன் ஒரு புறம் பெய்யும் மழை பேரேரிகளுக்கும், மறு புறம் பெய்யும் மழை மிசிசிப்பி ஆற்றுக்கும் செல்கிறது. தொல்குடியினர் இம்மேட்டின் குறுக்கே சுமார் 13 கிமீ தூரம் தம் ஓடங்களைச் சுமந்து சென்று, கயாகோகா ஆற்றிலிருந்து டஸ்கராவாசு ஆற்றை அடைந்தனர்.

வரலாறு

கால்வாய்க் காலம்

இந்த நீர்ப்பிரிமேட்டைப் படகிலேயே கடப்பதற்காக வெட்டப்பட்டது ஒகையோ-ஈரீ கால்வாய். இதன் பணி 1825 இல் தொடங்கியது. ஆக்ரன்-கிளீவ்லாந்து பகுதி 1827 இல் திறக்கப்பட்டது. 1832 இல் ஒகையோ ஆறு வரையிலான 496 கிமீ நீளமும் நிறைவுற்றது. கிளீவ்லாந்திலிருந்து ஆக்ரன் சேர்வதற்குப் படகுகள் சுமார் 120 மீட்டர் உயரம் ஏற வேண்டியிருந்தது. இதற்காக இடையில் 44 நீர்ப்பூட்டுகள் கட்டப்பட்டன. நீர்ப்பூட்டு என்பது இரு முனைகளிலும் கதவுகள் கொண்ட கல் தொட்டியாகும். படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை மூடி, மேலிருந்து நீரை விட்டால், நீர்மட்டத்தோடு படகும் உயர்ந்து அடுத்த நிலைக்குச் செல்லும்.

படகுகளைக் கோவேறு கழுதைகள் கயிறு கட்டி இழுத்துச் சென்றன. அவை நடப்பதற்காகக் கால்வாயின் ஓரத்தில் ஒரு பாதை அமைக்கப்பட்டது. இன்றைய முதன்மை நடைதடம் இப்பாதையே ஆகும். 1880 இல் பள்ளத்தாக்கு வழியாக இருப்புப்பாதை வந்தபின் கால்வாயின் பயன்பாடு குறைந்தது. 1913 ஆம் ஆண்டின் பெருவெள்ளம் கால்வாய்ப் போக்குவரத்தை முற்றிலும் முடிவுக்குக் கொண்டுவந்தது.

தீப்பற்றிய ஆறு

கிளீவ்லாந்தின் எஃகு ஆலைகளும் எண்ணெய்த் தொழிலகங்களும் கழிவுகளை ஆற்றில் விட்டன. நீரின் மேல் மிதந்த எண்ணெயும் குப்பையும் 1868 முதல் பலமுறை தீப்பற்றின. இவற்றுள் 1952 இல் ஏற்பட்ட தீ பெருஞ்சேதம் விளைவித்தது. 1969 ஜூன் 22 அன்று பற்றிய தீ அதனுடன் ஒப்பிட மிகச் சிறியது. விரைவில் அணைக்கப்பட்டும் விட்டது. எனினும் "டைம்" இதழ் அவ்வாண்டு ஆகத்து மாதம் இதைப் பற்றி எழுதியதால் நாடு முழுவதும் செய்தி பரவியது. அவ்விதழ் வெளியிட்ட படம் 1952 ஆம் ஆண்டுத் தீயின் படம் என்பது குறிப்பிடத்தக்கது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (1970), தூய நீர்ச் சட்டம் (1972) ஆகியவை உருவாவதற்குத் துணைநின்ற நிகழ்வுகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

தீப்பற்றிய இடம் கிளீவ்லாந்து நகரின் தொழிற்பகுதியாகும். அது பூங்காவின் எல்லைக்குள் இல்லை. ஆயினும் மேலே ஆக்ரன் நகரின் கழிவுநீரைச் சுமந்து வந்த ஆறு, பூங்கா அமைந்துள்ள பகுதியிலும் மாசடைந்தே இருந்தது.

பூங்கா உருவாக்கம்

பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் எண்ணம் அதற்கு முன்பே இருந்தது. கிளீவ்லாந்து நகரப் பூங்கா மாவட்டம் 1917 இலும், ஆக்ரன் பூங்கா மாவட்டம் 1921 இலும் ஏற்பட்டன. நிலத்தோற்ற வடிவமைப்பாளர்களான ஓம்ஸ்டெட் சகோதரர்களின் நிறுவனம் 1925 இல் அளித்த அறிக்கையும் இப்பள்ளத்தாக்கைப் பாதுகாக்கப் பரிந்துரைத்தது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, வேலையற்ற இளைஞர்களுக்காக அரசு அமைத்த குடிசார் பாதுகாப்புப் படையினர் இங்கு தடங்களையும் கல் மண்டபங்களையும் கட்டினர். அவற்றுள் பல இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

1960களில் புறநகர்க் குடியிருப்புகளும் மின்தடங்களும் பள்ளத்தாக்கை நெருக்கின. உள்ளூர் மக்கள் இதற்கு எதிராகத் திரண்டனர். ஆக்ரனைச் சேர்ந்த பேரவை உறுப்பினர் ஜான் சைபர்லிங் இதற்கான சட்ட முன்வடிவை முன்னின்று நடத்தினார். குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு 1974 டிசம்பர் 27 அன்று அதில் கையொப்பமிட்டார்.

நில எடுப்பும் குடியிருந்தோரும்

பூங்காவிற்காக நூற்றுக்கணக்கான தனியார் வீடுகளும் நிலங்களும் எடுக்கப்பட்டன. சிலர் விரும்பி விற்றனர். சிலருக்குக் குறிப்பிட்ட காலம் வரை குடியிருக்கும் உரிமை வழங்கப்பட்டது. வேறு சிலர் விருப்பமின்றி வெளியேறினர். பாஸ்டன் என்னும் சிற்றூரின் ஒரு பகுதி வெறுமையானது. பொதுநலனுக்காக ஒரு சமூகத்தைக் கலைக்கலாமா என்ற கேள்வியை எழுப்பிய ஆவணப்படம் ஒன்று 1983 இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது.

வீடுகள் அகன்றபின் வயல்களும் தரிசாயின. மக்கள் வாழ்ந்த தடயமும் பள்ளத்தாக்கின் மரபே என்பதைப் பூங்கா நிருவாகம் பின்னர் ஏற்றுக்கொண்டது. 1999 இல் தொடங்கிய திட்டத்தின்படி பழைய பண்ணைகள் 60 ஆண்டுகள் வரையிலான நீண்டகாலக் குத்தகைக்கு உழவர்களிடம் விடப்படுகின்றன.

மீட்கப்பட்ட நிலங்கள்

பீவர் சதுப்புநிலம்: ஐரா சாலைக்கு அருகில் உள்ள இவ்விடம், பழைய ஊர்திகளின் உடைந்த பாகங்கள் குவிந்து கிடந்த இடமாக இருந்தது. 1980களில் தன்னார்வலர்கள் அவற்றை அகற்றினர். இதே காலத்தில் பள்ளத்தாக்கிற்குத் திரும்பி வந்த பீவர் எனும் நீர்வாழ் கொறிணிகள், கைவிடப்பட்ட கால்வாயின் குறுக்கே கிளைகளால் அணை கட்டின. நீர் தேங்கி இயற்கையான சதுப்புநிலம் உருவானது. இன்று மரப்பாலத்தில் நின்றபடி ஆமைகள், நாரைகள், வாத்துகள் ஆகியவற்றைக் காணலாம்.

கிரெய்ச்சி குப்பைக்கிடங்கு: 1980 வரை இயங்கிய இக்கிடங்கைத் தேசியப் பூங்காச் சேவை 1985 இல் வாங்கியது. பின்னரே இங்கு நச்சுத்தன்மை கொண்ட தொழிற்கழிவுகள் புதைந்திருப்பது தெரியவந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற சட்டத்தின் அடிப்படையில் நிறுவனங்களிடமிருந்து பணம் பெறப்பட்டது. மூன்று இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட மண்ணும் கழிவும் அகற்றப்பட்டு, நாட்டுத் தாவரங்கள் நடப்பட்டன.

ரிச்ஃபீல்டு விளையாட்டரங்கம்: 1974 இல் திறக்கப்பட்ட இந்தக் கூடைப்பந்து அரங்கம் 1994 இல் மூடப்பட்டு, 1999 இல் இடிக்கப்பட்டது. அவ்விடம் பூங்காவுடன் சேர்க்கப்பட்டு, இன்று புல்வெளிப் பறவைகள் கூடு கட்டும் இடமாக உள்ளது.

நடைதடங்கள்

இழுவைப் பாதைத் தடம்: கால்வாயை ஒட்டி அமைந்த இத்தடம் பூங்காவிற்குள் சுமார் 32 கிமீ நீளமுடையது, 1993 இல் திறக்கப்பட்டது. இது பெரும்பாலும் சமதளமாக, நொறுக்கிய சுண்ணாம்புக்கல் பரப்பப்பட்டுள்ளதால் குழந்தைகள், முதியோர், சக்கர நாற்காலியில் வருவோர், மிதிவண்டி ஓட்டுவோர் அனைவரும் பயன்படுத்தலாம். வழியில் பழைய நீர்ப்பூட்டுகளைக் காணலாம். பூங்காவிற்கு வெளியே இத்தடம் வடக்கிலும் தெற்கிலும் தொடர்கிறது.

பாறை விளிம்புத் தடம்: சுமார் 3.5 கிமீ சுற்றுடைய இத்தடம் ஏறத்தாழ 32 கோடி ஆண்டுகள் பழமையான உருள்கற்பாறைகளின் இடையே செல்கிறது. பாறையில் வெண்ணிறக் குவார்ட்சுக் கூழாங்கற்கள் பதிந்திருக்கும். இங்குள்ள பனிப்பெட்டிக் குகை, வௌவால்களைத் தாக்கும் வெண்மூக்கு நோயின் காரணமாக மூடப்பட்டது.

பிராண்டிவைன் அருவி: சுமார் 20 மீட்டர் உயரமுடையது. மேலே கடினமான மணற்பாறையும் கீழே மென்மையான களிப்பாறையும் இருப்பதால், கீழ்ப்பாறை விரைவாக அரிக்கப்பட்டு அருவி உருவானது. அருவியைக் காண மரப்படிகள் அமைக்கப்பட்டுள்ளன.

பக்கை தடம்: ஒகையோ மாநிலத்தைச் சுற்றி 2,300 கிமீக்கு மேல் செல்லும் நெடுந்தடத்தின் ஒரு பகுதி பூங்காவின் வழியே செல்கிறது. மரங்களில் தீட்டப்பட்ட நீலக் குறிகள் இதன் அடையாளமாகும். ஏற்ற இறக்கம் மிகுந்தது, பழகியவர்களுக்கு ஏற்றது.

ஆறும் உயிரினங்களும்

நீர் தூய்மையடையத் தூய்மையடைய உயிரினங்கள் திரும்பின. பெரு நீல நாரைகள் 1980களில் கூடு கட்டத் தொடங்கின. 2007 இல் வெண்டலைக் கழுகுகள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் இங்கு குஞ்சு பொரித்தன. 2019 இல், ஆற்று மீன்களை அளவோடு உண்ணலாம் என்று மாநிலச் சுற்றுச்சூழல் முகமை அறிவித்தது. 2020 இல் பிரெக்சுவில் அருகே இருந்த அணை அகற்றப்பட்டதால் மீன்களும் படகுகளும் தடையின்றிச் செல்ல வழி பிறந்தது.

எனினும் பணி முற்றுப்பெறவில்லை. ஆக்ரனின் பழைய பகுதிகளில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் சென்றதால், கனமழையின்போது கழிவுநீர் ஆற்றில் கலந்தது. இதனைக் குறைக்க அந்நகரம் நீதிமன்ற ஆணையின்கீழ் நிலத்தடிச் சுரங்கம் உள்ளிட்ட பணிகளை மேற்கொண்டுள்ளது. மழை பெய்த பின் சில நாட்களுக்கு ஆற்றில் இறங்குவதைத் தவிர்க்குமாறு பூங்கா நிருவாகம் அறிவுறுத்துகிறது.

பயணிகளுக்கான தகவல்கள்

பூங்காவிற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 2019 இல் திறக்கப்பட்ட பாஸ்டன் மில் வருகையாளர் மையத்தில் தட வரைபடங்கள் கிடைக்கும். பள்ளத்தாக்கு வழியே சுற்றுலாத் தொடருந்து இயங்குகிறது. ஆற்றங்கரை அரிப்பினால் 2023 இல் அதன் தடத்தின் ஒரு பகுதியில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு நடையும், இளவேனிலில் காட்டுப்பூக்களும், அக்டோபரில் நிறம் மாறும் இலைகளும் பயணிகளை ஈர்க்கின்றன.