நாய்ச் சட்டி: அன்றும் இன்றும்

வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, பானையில் ஒட்டிக் கிடப்பதை வழித்து, மீந்த குழம்பை ஊற்றிப் பிசைந்து, பின்வாசலில் கிடக்கும் உடைந்த சட்டியில் போடுவார்கள். அதுதான் நாய்க்குச் சாப்பாடு. ராஜபாளையம், சிவகாசி, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் வளர்ந்த பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கம்பங்கூழ், கேப்பைக்களி, சோளச்சோறு; நெல்லுச்சோறு பரவலான பிறகு பழையது. கறி எடுக்கிற ஞாயிற்றுக்கிழமை நாலு எலும்பு. கிடா வெட்டுகிற அன்றைக்குச் சவ்வும் குடலும். நாய்க்கென்று தனியாக அடுப்பு மூட்டிய வீடு அபூர்வம். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டைநாய் வளர்த்தவர்கள் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்கள். கம்பு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி மோர் விட்டு வைப்பார்கள். வேட்டைக்குப் போய்வந்த அன்று முயலில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

இன்றைய கணக்கில் பார்த்தால் அந்தச் சட்டியில் புரதம் போதாது, சுண்ணாம்புச்சத்து போதாது, கொழுப்பு அநேகமாக இல்லவே இல்லை. அப்படியும் அந்த நாய்கள் ஓடின, குட்டி போட்டன, ராத்திரி முழுக்கக் காவல் காத்தன. இதை வைத்துத்தான், “அந்தக் காலத்து நாய் வெறும் கஞ்சி குடிச்சே நல்லா இருந்துச்சு, இப்போ எதுக்கு இத்தனை ஆடம்பரம்?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தச் சட்டி அதன் முழுச் சாப்பாடு இல்லை. விடிந்ததும் நாய் வெளியே போய்விடும். களத்தில் எலி பிடிக்கும், வேலியில் ஓணான் பிடிக்கும், கறிக்கடைக்குப் பின்னால் காத்துக் கிடக்கும், ஊருக்கு வெளியே செத்த மாட்டைப் போட்டால் அங்கே நிற்கும். கன்று ஈன்ற பசுவின் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் உயரக் கட்டித் தொங்கவிட்டார்களே, அது நாய் வாய்க்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவும்தான். வீட்டுச் சட்டி கொடுத்தது மாவுச்சத்து. சதையையும் எலும்பையும் ஈரலையும் நாய் தானே தேடிக்கொண்டது.

மாவுச்சத்தும் அதற்குப் புதிதில்லை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் எரிக் ஆக்சல்சன் குழுவினர் 2013இல் ஓநாயின் மரபணுவையும் நாயின் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாவை உடைக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிதான் இருக்கிறது. நாய்களிடம் 4 முதல் 30 வரை இருக்கிறது. மனிதனுடைய களத்துமேட்டில் பல்லாயிரம் ஆண்டுகள் கிடந்து அவன் தின்றதையே தின்று பழகிய உடம்பு அது. நாய்க்குச் சோறு ஆகாது என்று இப்போது சிலர் அடித்துச் சொல்வதைக் கேட்கும்போது இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும். சோறு ஆகும். சோறு மட்டும் என்றால்தான் ஆகாது.

பழைய காலத்தைத் தூக்கிவைத்துப் பேசவும் எனக்கு மனம் வரவில்லை. ஈற்றுக்கு ஆறு குட்டி பிறந்தால் இரண்டு தேறுவது பெரிய காரியம். குடற்புழுவும் டிஸ்டெம்பர் நோயும் கொண்டுபோனவற்றை யாரும் எண்ணிவைக்கவில்லை. பத்து வயதைத் தொட்ட நாய் ஊருக்கு ஒன்றோ இரண்டோதான். மிஞ்சியது மட்டுமே நம் கண்ணில் பட்டது. அதைப் பார்த்துவிட்டுக் கஞ்சியின் பெருமை பேசுகிறோம்.

உண்மையான மாற்றம் சட்டி போய்க் கடையில் விற்கும் உணவுப் பை வந்தது அல்ல. நாய் வெளியே போவது நின்றுபோனதுதான். மூன்றாம் மாடி வீட்டில், காலையும் மாலையும் கயிற்றில் பிடித்துக் கூட்டிப்போகும் நாய்க்கு எலியும் கிடையாது, கறிக்கடையும் கிடையாது. தெருவில் எதையாவது முகர்ந்தால்கூட இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். நாம் வைப்பது மட்டும்தான் அதன் வாய்க்குள் போகிறது. அதில் இல்லாத சத்து அந்த உடம்புக்கு எங்கிருந்தும் வரப்போவதில்லை. அன்றைக்கு நாய்ச் சாப்பாட்டில் அக்கறை காட்டாமல் இருந்தது பெரிய பாவமாக ஆகவில்லை. இன்று அதே அலட்சியம் நேராக எலும்பில் போய் இறங்குகிறது.

இறங்கியதை நகரங்கள் முதலில் பார்த்தன. நாயை வீட்டுக்குள் வளர்க்கத் தொடங்கிய தலைமுறை பழைய சாப்பாட்டையே உள்ளே கொண்டுவந்தது. சைவ வீட்டுப் பொமரேனியனுக்குத் தயிர்ச்சோறும் மேரி பிஸ்கட்டும். அசைவ வீட்டு அல்சேஷனுக்குச் சோறும் எலும்பில்லாத கறியும். இரண்டாவது சத்தானதாகத் தோன்றும். வளரும் குட்டிக்கு அதுதான் அதிக ஆபத்து. கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. இரண்டும் ஏறக்குறைய சரிக்குச் சரியாகவோ கால்சியம் சற்றுக் கூடுதலாகவோ இருக்க வேண்டும். கால்சியம் குறைந்தால் உடம்பு தன் எலும்பையே கரைத்து ரத்தத்துக்கு அனுப்பும். நாலு மாதக் குட்டி முன்னங்கால் வளைந்து, பாதம் பரப்பி நடக்கும். சோபாவிலிருந்து குதித்ததற்கே கால் ஒடியும். உடனே கால்சியம் டானிக் வாங்கி இஷ்டத்துக்கு ஊற்றுவார்கள். கிரேட் டேன் மாதிரிப் பெரிய சாதிக் குட்டிகளுக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு வளர்ச்சி கோணிப்போகும். பெரிய சாதிக் குட்டிகளுக்கென்று தனி உணவு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். வியாபாரத் தந்திரம் என்று அதைத் தள்ளிவிட முடியாது.

பை உணவு நமக்குத்தான் புதிது. லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் கோதுமை, காய்கறி, மாட்டிறைச்சி சேர்த்து நாய் பிஸ்கட் விற்கத் தொடங்கியது 1860களில். இன்று பைக்குள் கலகலக்கும் உருண்டைகள் 1950களில் அமெரிக்காவில் வந்தவை. மாவையும் இறைச்சித்தூளையும் நீராவியில் வேகவைத்து, அழுத்தத்தோடு துளை வழியே தள்ளி, பொரிந்து வருவதை வெட்டி உலர்த்துவார்கள். கடைசியாக மேலே கொழுப்பைத் தெளிப்பார்கள். பையைப் பிரித்ததும் நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவருவது அந்தக் கொழுப்பின் வாசத்துக்குத்தான்.

அதனால்தான் சாக்கைத் திறந்து வைத்து லூஸில் கிலோ கணக்கில் விற்கும் கடையைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. மேற்பரப்பில் இருக்கும் கொழுப்பு, காற்றும் சென்னையின் ஈரப்பதமும் பட்டால் சீக்கிரமே சிக்கு வாடை அடித்துவிடும். ஒரு பிடி எடுத்து மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். பல தடவை அப்பளம் பொரித்த எண்ணெய் வாடை வந்தால் கீழே போட்டுவிடலாம். ஈரம் ஏறினால் பூஞ்சையும் பிடிக்கும். மக்காச்சோளத்தில் வரும் அஃப்லடாக்சின் நஞ்சு நாயின் ஈரலைக் கெடுத்துக் கொல்லக்கூடியது. அமெரிக்காவில் பெரிய கம்பெனிகளின் பைகளே இதற்காகத் திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன. லூஸில் வாங்கினால் எந்த நாள் செய்தது, எந்த பேட்ச் என்று கேட்க வழியில்லை. சின்னப் பையாக வாங்கி, டப்பாவில் கொட்டாமல் பையோடு டப்பாவுக்குள் வைத்து மூடி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

பையின் முன்பக்கம் இருப்பது படம். பார்க்க வேண்டியது பின்பக்கம். முதலில், இது முழுமையான சரிவிகித உணவா, இல்லை கூடச் சேர்க்கும் துணை உணவா என்று போட்டிருப்பார்கள். தினச் சாப்பாட்டுக்கு முழுமையானதுதான் வேண்டும். அது குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா என்பது அடுத்தது. அமெரிக்க அளவுகோலின்படி ஈரம் நீக்கிக் கணக்கிட்டால் வளர்ந்த நாய்க்குப் புரதம் குறைந்தது 18 சதவீதம், குட்டிக்கு 22.5 சதவீதம். இந்த ‘ஈரம் நீக்கி’ என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உலர் பையில் புரதம் 24 என்றும், கிரேவி பாக்கெட்டில் 8 என்றும் போட்டிருக்கும். பார்த்தவுடன் பைதான் சத்து என்று தோன்றும். உலர் உணவில் ஈரம் 10 சதவீதம் என்றால் மீதி 90இல் 24, அதாவது ஏறக்குறைய 27 சதவீதம். கிரேவியில் ஈரம் 80 என்றால் மீதி 20இல் 8, அது 40 சதவீதம்.

பொருள்களின் பட்டியலை எடை அதிகமானதில் தொடங்கி எழுதுவார்கள். முதல் நாலைந்து பெயருக்குள் சிக்கனோ மீனோ முட்டையோ பெயர் சொல்லி இருக்கிறதா என்று பாருங்கள். ‘சிக்கன் ஃப்ளேவர்’ என்றால் சிக்கன் இருப்பதாக அர்த்தமில்லை. அமெரிக்க விதியில் ‘சிக்கன் சேர்த்தது’ என்று போட 3 சதவீதம் இருந்தாலே போதும். ‘ஃப்ளேவர்’ என்று போட, சுவை தெரியுமளவு இருந்தால் போதும்.

விலை கூடினால் தரம் கூடும் என்ற நம்பிக்கையை ‘கிரெயின் ஃப்ரீ’ பைகள் நன்றாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. தானியத்துக்குப் பதில் பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு போட்டவை அவை. 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இத்தகைய உணவு தின்ற நாய்களுக்கு இதயம் வீங்கித் தளரும் நோய் வருவதாக வந்த புகார்களை விசாரிக்கத் தொடங்கியது. காரணம் இதுதான் என்று இன்னும் நிறுவப்படவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கம்பும் அரிசியும் தின்று செரித்த நம் ஊர் நாய்க்கு, மருத்துவர் சொல்லாமல், இரட்டை விலை கொடுத்துத் தானியத்தை விலக்குவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

எதைப் போடுகிறோம் என்பதில் இவ்வளவு யோசிப்பவர்கள் எவ்வளவு போடுகிறோம் என்பதைக் கவனிப்பதில்லை. கிளினிக்குகளில் அடிக்கடி கேட்கும் உரையாடல் இது. மேசைமேல் ஒரு லேப்ரடார், ஏறி நின்றதற்கே மூச்சு வாங்குகிறது.

“எவ்வளவு சார் போடறீங்க?”

“ரெண்டு வேளைக்கும் ஒவ்வொரு கப்தான் டாக்டர்.”

“எந்தக் கப்?”

அவர் கையால் காட்டும் அளவு அரைப்படிக்கு வரும். கூடவே காலை இட்லி, அம்மா கொடுக்கும் பிஸ்கட், பேரன் தட்டிலிருந்து விழும் தோசை. டாக்டர் இரண்டு கையாலும் விலாவைத் தடவுகிறார். எலும்பு விரலில் தட்டுப்படவில்லை. லேசாகத் தொட்டாலே விலா எலும்பு தெரிய வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்க வேண்டும். சிப்பிப்பாறை வளர்த்த தாத்தாக்கள் எந்தப் புத்தகமும் படிக்காமல் வைத்திருந்த கணக்கும் ஏறக்குறைய இதுதான். விலா மறைந்த நாய் முயலுக்கு ஆகாது என்பார்கள்.

அளவைக் குறைத்து ஒல்லியாக வைத்திருப்பது நல்லது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. நாய் உணவு நிறுவனமான பியூரினா 48 லேப்ரடார்களை இரண்டு பிரிவாக்கி, ஒரே உணவை ஒரு பிரிவுக்கு 25 சதவீதம் குறைவாகக் கொடுத்து வாழ்நாள் முழுக்கக் கவனித்தது. 2002இல் முடிவு வெளிவந்தது. குறைவாகத் தின்றவை சராசரியில் 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலியும் தாமதமாகத்தான் வந்தது. பிராண்டை மாற்றி இவ்வளவு ஆயுள் வாங்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. பத்துக் கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 630 கலோரி. நூறு கிராமில் 350 கலோரி உள்ள உலர் உணவென்றால் 180 கிராம், அதுவும் இரண்டு வேளைக்கும் சேர்த்து. பிஸ்கட்டும் இட்லியும் தந்தால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். அந்த உதிரிகள் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்து, வீட்டு டம்ளரில் கோடு போட்டு வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

இப்போது சக்கரம் திரும்பி, வீட்டில் சமைத்துப் போடுவது மறுபடி மதிப்புக்கு வந்திருக்கிறது. நாய்க்கென்றே சமைத்து வாராவாரம் டப்பாவில் அனுப்புபவர்களும் நகரங்களில் வந்துவிட்டார்கள். அன்போடு செய்கிற காரியம், குறை சொல்ல மனமில்லை. ஆனால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் 2013இல் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்தபோது, 95 சதவீதக் குறிப்புகளில் அவசியமான சத்து ஒன்றாவது குறைவாக இருந்தது. சமைத்துத்தான் போட வேண்டும் என்றால் கால்நடை மருத்துவரிடம் எடை, வயது சொல்லி அளவு எழுதி வாங்கி, அவர் சொல்லும் கனிமக் கலவையையும் சேர்த்துப் போடுங்கள். பைச் சாப்பாட்டின் ஒரு சிறு பங்கைக் குறைத்துவிட்டு அவித்த முட்டையோ வெந்த கோழியோ பூசணியோ சேர்த்தால் ஒரு கெடுதலும் இல்லை.

வெங்காயம் வேண்டவே வேண்டாம். அந்தக் காலத்து நாய் குழம்புச் சோறு தின்றதே என்றால், அதில் சோறு அதிகம், வெங்காயம் கொஞ்சம். நாயின் ஒரு கிலோ எடைக்கு 15 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே ரத்தச் சிவப்பணு சிதையத் தொடங்கலாம். மூன்று கிலோ பொமரேனியனுக்கு ஒரு வெங்காயமே அதிகம். பூண்டும் அப்படித்தான். பாயசத்து முந்திரியைவிடத் திராட்சைக்குத்தான் பயப்பட வேண்டும், அது சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கக்கூடும். வெந்த பிராய்லர் எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும்.

எந்தச் சாப்பாட்டுக்கு மாற்றினாலும் ஏழு முதல் பத்து நாளில், பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி மாற்றுங்கள். பிறகு இரண்டு மாதம் பாருங்கள்: ரோமம் பளபளக்கிறதா, காதும் தோலும் அரிக்காமல் இருக்கிறதா, எடை நிற்கிறதா. இன்னொன்றும் உண்டு. கிராமத்து நாய் எங்கே போய் மலம் கழித்தது என்று யாரும் பார்த்ததில்லை. இன்று கையில் காகிதத்தோடு பின்னால் போகிறவர் தினம் இரண்டு வேளை பார்க்கிறார். இறுகி, வடிவம் குலையாமல், தரையில் ஒட்டாமல் எடுக்க வந்தால் உணவு ஒத்துப்போகிறது. அளவு குவிந்தால் செரிக்காத சக்கை அதிகம். நாள்கணக்கில் கூழாக வந்தால், பையில் எவ்வளவு பெரிய பெயர் போட்டிருந்தாலும், அந்த உணவு அந்த நாய்க்கு ஒத்துவரவில்லையா, வயிற்றில் வேறு நோயா என்று மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.