நீரில் உலோக அயனிகளின் நீரேற்றம்: அதிர்வு நிறமாலை தரும் சான்றுகள்

முன்னுரை

உப்பு நீரில் கரையும்போது, நீர் மூலக்கூறுகள் தம் ஆக்சிஜன் முனையை உலோக அயனியின் பக்கம் திருப்பி அதனைச் சூழ்கின்றன. இந்நீரேற்ற உறை அயனியின் வினைவேகத்தையும் பிணையும் இயல்பையும் பெரிதும் தீர்மானிக்கிறது. உறையை ஆராய அகச்சிவப்பு நிறமாலையும், 1928-இல் சி.வி. இராமன் கண்டறிந்த சிதறலை அடிப்படையாகக் கொண்ட இராமன் நிறமாலையும் பயன்படுகின்றன. எனினும், நிறமாலையில் காணும் மாற்றம் அனைத்தும் உலோக அயனியால் விளைந்தது எனக் கொள்ள இயலாது. எப்பட்டை எதற்குச் சான்றாகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நீர் மூலக்கூறின் நீட்சி அதிர்வு

திரவ நீரின் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் நீட்சி அதிர்வு, ஏறத்தாழ 3000 முதல் 3700 செ.மீ⁻¹ வரை அகன்ற பட்டையாகத் தோன்றுகிறது. ஹைட்ரஜன் பிணைப்பு வலுவடையும்போது அலை எண் குறைகிறது. ஆனால் அண்டை மூலக்கூறுகளின் அதிர்வுகள் ஒன்றோடொன்று இணைவதால் இப்பட்டையைப் பகுத்தறிதல் கடினம். நீரில் சிறிதளவு கனநீரைக் கலந்தால், ஆக்சிஜன்–டியூட்டீரியம் நீட்சி 2500 செ.மீ⁻¹ அருகே தனித்துத் தோன்றும். இணைப்புச் சிக்கல் பெரிதும் நீங்கும். ஆயினும் எதிரயனியின் விளைவு எஞ்சி நிற்கிறது. பெர்குளோரேட்டுடன் தளர்வாகப் பிணைந்த நீர், உயர் அலை எண் பக்கத்தில் தனக்கெனப் பட்டையொன்றைத் தருகிறது. அதனை உலோக அயனியின் விளைவாகக் கருதினால் முடிவு பிழைபடும்.

உலோகம்–ஆக்சிஜன் அதிர்வு

நேரடிச் சான்று தாழ் அலை எண் பகுதியில் உள்ளது. ஆறு நீர் மூலக்கூறுகள் எண்முகி வடிவில் சூழ்ந்த மெக்னீசியம் அயனி, இராமன் நிறமாலையில் ஏறத்தாழ 357 செ.மீ⁻¹-இல் முழுச் சமச்சீர் நீட்சிப் பட்டையைத் தருகிறது. அலுமினியம் அயனிக்கு அது 525 செ.மீ⁻¹ அருகே அமைகிறது. இவ்வதிர்வில் நடுவிலுள்ள உலோகம் அசைவதில்லை. ஆகவே இவ்வேறுபாடு உலோகத்தின் நிறையால் வருவதன்று. மூன்று நேர்மின்சுமை கொண்ட சிறிய அலுமினியம் அயனி நீரை வலுவாகப் பிணைப்பதையே அது காட்டுகிறது.

இப்பட்டையை உறுதிசெய்ய இரு சோதனைகள் உள்ளன. முதலாவது, முழுச் சமச்சீர் அதிர்வுக்குரிய வலுவான தளவிளைவு. இரண்டாவது, கரைப்பானைக் கனநீராக மாற்றுதல். நீர் மூலக்கூறு முழுவதும் ஒரே நிறையாக அசைவதாகக் கொண்டால், நிறை 18-இலிருந்து 20 ஆக உயர்வதால் அலை எண் ஏறத்தாழ 5 விழுக்காடு குறைய வேண்டும்.

சோடியம், பொட்டாசியம் அயனிகள் நீரை வலுக்குறைவாகவே பிணைப்பதால் இத்தகைய தெளிவான பட்டையைத் தருவதில்லை. பட்டை தோன்றாமை நீரேற்றம் இன்மையைக் குறிக்காது.

எதிரயனியின் குறுக்கீடு

செறிந்த மெக்னீசியம் சல்பேட்டுக் கரைசலில், சல்பேட்டின் 981 செ.மீ⁻¹ பட்டையை ஒட்டி, 993 செ.மீ⁻¹ அருகே சிறு புடைப்பு தோன்றுகிறது. சல்பேட்டு ஒரு நீர் மூலக்கூறை விலக்கி, உலோக அயனியை நேரடியாகத் தொடுவதற்கு இது சான்றாகும். எனவே எல்லாச் செறிவிலும் எல்லா மெக்னீசியம் அயனிகளையும் ஆறு நீர் மூலக்கூறுகளே சூழ்ந்துள்ளன எனக் கொள்ளலாகாது.

முடிவுரை

நீட்சிப் பகுதி நீரின் ஹைட்ரஜன் பிணைப்பு நிலையைக் காட்டுகிறது. தாழ் அலை எண் பகுதி உலோக அயனியின் முதல் உறையைக் காட்டுகிறது. இரண்டையும் ஒருங்கே பதிவுசெய்து, எதிரயனியையும் செறிவையும் மாற்றி ஒப்பிட்ட பின்னரே நீரேற்றம் குறித்த முடிவுக்கு வருதல் தகும்.