முத்துச் சலாபமும் முதலீட்டாளரும்

புத்தளக் கரையில் இறாற்பண்ணை தொடங்குவோர் பணமுடையாரைத் தேடுவர். அப்பணம் எத்துணைக் காலம் பொறுக்கும் என வினவுவோர் சிலரே. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது குளங்கள் பல வெறுமையாயின. கடன் தவணையோ நிற்கவில்லை.

இக்கடலின் பழைய தொழிலாகிய முத்துக் குளிப்பும் இத்தகையதே. (சிலாபம் என்னும் பெயர் சலாபத்தின் திரிபு என்பாருமுளர்.) 1891க்குப் பின் 1903 வரை மன்னார் வளைகுடாவின் இலங்கைச் சிப்பிப்பார்களிற் குளிப்பே நிகழவில்லை. 1905இலோ எட்டுக்கோடிச் சிப்பிகள் கிடைத்தன. அரசு ஈட்டியது ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. அவ்வோராண்டின் பொலிவில் மயங்கிய இலண்டன் முதலாளிகள் கொம்பனியொன்று நிறுவி, 1906இல் ஆண்டுக்கு 3,10,000 ரூபாவுக்கு இருபதாண்டுக் குத்தகை எடுத்தனர். சிப்பி விளையாவிடினும் குத்தகைப் பணம் இறுக்கவேண்டும். 1907க்குப் பின் பார்கள் வறண்டன. தவணை முடியுமுன்பே கொம்பனி கலைந்தது. ஆண்டுதோறும் இலாபப் பங்கு நோக்கும் பங்குதாரர் பன்னீராண்டு உறங்கவல்ல கடலுக்கு ஏற்றவரல்லர்.

முன்னைய முறையில் சிப்பியில் மூன்றிலொரு பங்கு படகினர்க்கு, எஞ்சியது அரசுக்கு. அரசின் பங்கை வணிகர் அன்றன்று ஏலத்தில் எடுத்தனர். குளிப்பில்லா ஆண்டில் அவ்வணிகர் எவர்க்கும் எதுவும் இறுக்கவேண்டியதில்லை; கைமுதலை வேறு வாணிகத்திற் செலுத்தலாம்.