எடை எங்கே போகிறது? ஒரு அம்பாசிடர், இரண்டு எஞ்சின், ஒரு முதுகு

போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஷெட்டுத் தரையில் கிடந்த கியர்பாக்ஸைக் குனிந்து தூக்கினேன். எடை 35 கிலோ இருக்கும். ஒரு அடிகூட உயர்த்தவில்லை, இடுப்பில் ‘சுரீர்’ என்றது. கியர்பாக்ஸைக் கீழே வைத்தேன், நானும் பக்கத்திலேயே படுத்துவிட்டேன். எழுந்து வீட்டுக்குள் போக இருபது நிமிடம் ஆனது. ஷெட்டுக்குத் திரும்பி வர மூன்று மாதம் ஆனது.

அந்த மூன்று மாதத்தில் படித்ததும், அதற்குப் பிறகு செய்ததும்தான் இந்தக் கட்டுரை. கார் பிடிக்காதவர்களும் படிக்கலாம். முதுகு எல்லாருக்கும் இருக்கிறது.

வண்டி வந்த கதை

அப்பா வேலூர்ப் பக்கம் ஒரு டேனரியில் கணக்கு எழுதியவர். முதலாளியின் 1984 மாடல் அம்பாசிடர் மார்க் 4, முதலாளி வேறு காருக்கு மாறியபோது எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆர்.சி. இன்றும் அப்பா பேரில்தான். கடைசியில் நாலாவது சிலிண்டர் தேய்ந்து, பெட்ரோல் அளவுக்கு ஆயிலும் குடிக்க ஆரம்பித்தது. “இரும்புக்குப் போட்டுடுங்க” என்று நாலு பேர் சொன்னார்கள். அப்பா பதில் சொல்லாமல் வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார்.

என் திட்டம் வேறு. பழைய கான்டெஸாவிலிருந்து 1.8 லிட்டர் ஐசூசு எஞ்சினையும் ஐந்து கியர் பாக்ஸையும் எடுத்து அம்பாசிடரில் போடுவது. இரண்டும் ஒரு தெரிந்தவர் மூலம் கிடைத்தன. சின்னச் சின்ன சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது.

இது என் மூளையில் உதித்த யோசனை இல்லை. இந்துஸ்தான் மோட்டார்ஸே செய்த வேலை. அம்பாசிடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரிஸ் 3. அதன் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் மாறாமல் பல பத்தாண்டுகள் ஓடியது. 1980-களில் கான்டெஸா வந்தபோது, அந்தப் பெரிய உடம்புக்கும் இதே சின்ன எஞ்சினைத்தான் முதலில் மாட்டினார்கள். வண்டி நகர மறுத்தது. பிறகு ஜப்பானின் ஐசூசு எஞ்சின் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் அதையே அம்பாசிடருக்குள் இறக்கி ‘1800 ஐ.எஸ்.இசட்.’ என்று விற்றார்கள். 1817 சிசி, 75 குதிரைசக்தி, ஐந்து கியர். அதாவது நம் நாட்டின் பிரபலமான எஞ்சின் மாற்றம் ஒன்று ஃபேக்டரியிலேயே நடந்தது.

எஞ்சின் மாற்றுவது என்றால் என்ன?

யூட்யூப் பார்த்தால் பழசைத் தூக்கு, புதுசை இறக்கு, சாவியைத் திருப்பு என்று தோன்றும். தூக்குவதும் இறக்குவதும் அரை நாள் வேலை. மீதி எல்லாம் பொருத்தம் பார்ப்பது.

முதலில் மவுண்ட். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கட்டைகளும் பிராக்கெட்டுகளும். எஞ்சின் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு பாடியின் எந்தத் தகட்டுக்குப் போகிறது என்று தெரியாமல் வெல்டிங் வைத்தால், ஆறே மாதத்தில் தகடு கிழியும்.

இரண்டாவது கோணம். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளக் குழாயை இங்கே ‘ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்’ என்பார்கள். அதன் இரண்டு முனையிலும் யுனிவர்சல் ஜாயின்ட். சாய்வாகச் சுற்றும் ஜாயின்ட் சீரான வேகத்தில் சுற்றாது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். முன் ஜாயின்ட் செய்யும் தப்பைப் பின் ஜாயின்ட் சரிசெய்ய வேண்டும் என்றால் இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும். எஞ்சினை இரண்டு டிகிரி தப்பாக உட்கார வைத்தால் வண்டி வேகமெடுக்கும்போது உதறும். கியர்பாக்ஸ் நீளமாக இருந்தால் ஷாஃப்ட்டை வெட்டிக் குறைத்து, பேலன்ஸ் பார்த்து வாங்க வேண்டும்.

மூன்றாவது, முன் சஸ்பென்ஷன். அம்பாசிடரின் முன்பக்கம் காயில் ஸ்பிரிங் கிடையாது. டார்ஷன் பார் என்ற நீளமான இரும்புக் கம்பி முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்குகிறது. அதன் ஒரு முனை சக்கரப் பக்கம், மறுமுனை வண்டியின் நடுப்பகுதியில். முன்பள்ளத்தில் சக்கரம் இறங்கினால், அந்த அடி கம்பி வழியாக நாம் உட்காரும் இடத்துக்குக் கீழே வந்து சேரும்.

நான்காவதுதான் என்னைத் தயங்க வைத்தது. மார்க் 4-க்குக் கியர் லீவர் ஸ்டியரிங் பக்கத்தில். ஐசூசு பாக்ஸின் லீவர் தரையிலிருந்து வருகிறது. அதை வெளியே கொண்டுவரத் தரைத் தகட்டை வெட்டித்தான் ஆக வேண்டும். போல்ட் போட்டதைக் கழற்றலாம், வெட்டியதை ஒட்ட முடியாது.

இந்த நாலையும் ஒரே கேள்வியாகச் சுருக்கலாம்: எடையும் முறுக்கும் எந்த வழியாக, எங்கே போகிறது? இந்தக் கேள்வியை வண்டியிடம் ஒழுங்காகக் கேட்டேன். என் முதுகிடம் கேட்கவில்லை.

முதுகின் கணக்கு

பி.இ. முதல் வருடம் படித்த நெம்புகோல் கணக்குதான். குனிந்து தூக்கும்போது இடுப்பு முள்ளெலும்பின் டிஸ்க்தான் நடு அச்சு. பொருள் அதிலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னால். அதைப் பிடித்து நிறுத்தும் முதுகுத் தசையோ அச்சுக்குப் பின்னால் வெறும் 5 சென்டிமீட்டரில். எட்டு மடங்கு பாதகம். 35 கிலோ கியர்பாக்ஸுக்குத் தசை இழுக்க வேண்டியது 280 கிலோ. நம் மேல் உடம்பும் குனிந்திருக்கிறதே? 40 கிலோ, 20 சென்டிமீட்டர் என்று வைத்தால் இன்னொரு 160. தசையின் இழுப்பு, உடம்பின் எடை, பொருளின் எடை எல்லாம் சேர்ந்து டிஸ்கை நசுக்குவது ஏறத்தாழ அரை டன்.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், இடுப்பு டிஸ்கில் 3400 நியூட்டன், அதாவது சுமார் 350 கிலோ அழுத்தத்தை எச்சரிக்கை எல்லையாக வைத்தது. எல்லாம் சாதகமாக இருக்கும்போதுகூட ஒருவர் தூக்கலாம் என்று அது சிபாரிசு செய்யும் எடை 23 கிலோதான். நான் என்ன செய்தேன் என்று இப்போது புரிகிறதா?

ஸ்கேன் எடுத்தார்கள். எல்4–எல்5 டிஸ்க் புடைத்திருக்கிறது என்று வந்தது. பயந்துபோய்த் தேடியதில் 1994-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஒரு ஆய்வு கிடைத்தது. முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்காவது புடைத்திருந்தது. எல்லா டிஸ்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். ஆக, ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் இல்லை. என் டாக்டரும் இதையேதான் சொன்னார். படுத்தே கிடக்காதே, நட. ஆனால் கால் மரத்துப் பலம் குறைந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடி வா என்றார். இந்தக் கடைசி வரியை நீங்களும் நினைவில் வையுங்கள்.

வேலூரில் இருந்துகொண்டு முதுகைப் பற்றிப் பேசினால் டாக்டர் மேரி வர்கீஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. சி.எம்.சி.யில் இளம் டாக்டர். 1954-இல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயல் இழந்தார். அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம். நோயாளியின் கை மேசை மேல் வந்துவிடும். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியில் திறந்தது. என் இடுப்புப் பிடிப்பை அவர் அனுபவத்தோடு ஒப்பிடவே கூடாது. ஆனால் ஒரு பாடம் எடுத்துக்கொண்டேன். உடம்பை வேலைக்கு வளைக்காதே, வேலையை உடம்பின் உயரத்துக்குக் கொண்டு வா.

பாய் சொன்னது

இதே பாடத்தை வேறு மொழியில் சொன்னவர், ஆம்பூரில் டேனரி டிரம் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஃபிட்டர். தோல் பதனிடும் மர டிரம் ஒன்று ஆளுயரத்துக்கும் மேல் இருக்கும். உள்ளே தண்ணீரும் தோலும் டன் கணக்கில். ஈரத் தோலைக் குழியிலிருந்து இழுத்து இழுத்தே இடுப்பு போனவர்களை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பாய்க்கு எழுபது வயது, நிமிர்ந்து நடக்கிறார்.

ஷெட்டுக்கு வந்தார், நான் வைத்திருந்த சாமான்களைப் பார்த்தார்.

“தம்பி, டிரம்ம யாராச்சும் தூக்குவாங்களா? உருட்டுவோம், சாய்ப்போம், தொங்கவுடுவோம். தூக்குறதுன்னு ஒரு வேலையே கெடையாது.”

“கூரை ட்ரஸ்ல செயின் பிளாக் மாட்டலாம்னு இருந்தேன் பாய்.”

“கூரை மழையத் தாங்கறதுக்குக் கட்டினது. எஞ்சினத் தாங்கவா கட்டினாங்க? எடை நேரா தரைக்குப் போகணும்.”

மறுநாள் மூன்று கால் இரும்பு ஸ்டாண்டும் ஒரு டன் செயின் பிளாக்கும் அனுப்பி வைத்தார். அதன் பிறகு ஷெட்டில் சில விதிகள் வந்தன. தரையில் எதையும் வைப்பதில்லை, எல்லாம் இடுப்பு உயர மேசையில். பத்து கிலோவுக்கு மேல் எதுவாக இருந்தாலும் செயின்தான். காருக்கு அடியில் ஜாக்கை மட்டும் நம்பிப் போவதில்லை, கட்டாயம் ஸ்டாண்டு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மொபைல் அலாரம் அடிக்கும், எழுந்து தெருமுனை வரை நடை. இடுப்பை மடக்காமல் தொடை மூட்டில் மடங்கிக் குனியப் பழகினேன். வேலை பாதி வேகத்தில்தான் நடந்தது. தப்பு கால்வாசியாகக் குறைந்தது.

சட்டம் குறுக்கே வந்தது

படுக்கையில் இருந்தபோதுதான் மோட்டார் வாகனச் சட்டம், 1988-ஐ எடுத்துப் படித்தேன். எஞ்சின் வாங்குவதற்கு முன்பே படித்திருக்க வேண்டும்!

பிரிவு 52. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2000-இல் வந்த திருத்தம் இதை இறுக்கியது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி மாதிரி எரிபொருள் மாற்றும் அங்கீகரிக்கப்பட்ட கிட்டுகளுக்கு நிபந்தனையோடு வழி உண்டு. 2019 ஜனவரி 9-இல் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இந்தப் பிரிவை உறுதிப்படுத்தியது. அதே வருடம் வந்த திருத்தத்தில் பிரிவு 182ஏ சேர்ந்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

“கம்பெனியே இதே எஞ்சினைப் போட்டு விற்றதே” என்று வாதாடலாம். ஆனால் என் வண்டி 1984 மார்க் 4. அதற்குத் தயாரிப்பாளர் எழுதியது 1489 சிசி. நம் ஊரில் எஞ்சின் மாற்றம் முழுச் சுதந்திரத்தோடு நடந்த இடம் பொதுச் சாலை இல்லை, ரேஸ் டிராக்தான். கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800-இன் எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரில் வைத்து ‘ஃபார்முலா மாருதி’ செய்தார். நரேன் கார்த்திகேயன் தன் ரேஸ் வாழ்க்கையைத் தொடங்கியது அந்த வகை வண்டியில்தான்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கணக்கு எழுதியவர், ஒரே வரியில் முடித்தார்: “பேப்பர் போனா வண்டி போச்சுப்பா.”

என்ன செய்தேன்?

இன்ஷூரன்ஸும் யோசிக்க வேண்டியிருந்தது. ஆர்.சி.யில் இல்லாத எஞ்சினோடு போய் யார் மேலாவது மோதினால் கிளெய்ம் நிற்குமா என்பது ஒரு பக்கம். அப்பா பேரில் இருக்கும் வண்டியில் அந்தப் பரீட்சையை எழுத எனக்கு உரிமை இல்லை என்பது இன்னொரு பக்கம்.

பழைய பிளாக்கை வேலூரில் ஒரு லேத்துக்குக் கொண்டுபோய் நாலு சிலிண்டருக்கும் புது லைனர் அடித்து வாங்கினேன். பிளாக் அதே பிளாக், அதில் பொறித்த எஞ்சின் நம்பரும் அதேதான். ஆர்.சி.யில் ஒரு எழுத்து மாற வேண்டியதில்லை.

அது தயாராகும் வரை ஆசை விடவில்லை. ஒரு சனிக்கிழமை ஐசூசுவைச் செயினில் தொங்கவிட்டு, காலியாக இருந்த இடத்தில் அளவுக்காக மட்டும் இறக்கிப் பார்த்தேன். வெல்டிங் இல்லை, வெட்டு இல்லை. கியர் லீவரைக் கழற்றிவிட்டு பாக்ஸைப் பின்னால் தள்ளினேன். கோணம் பார்த்தேன், மவுண்ட் வரும் இடத்தைச் சாக்பீஸால் குறித்தேன், ஷாஃப்ட் நீளம் அளந்து நோட்டில் எழுதினேன். பொருந்துகிறது! ஞாயிறு மாலை திரும்ப வெளியே எடுத்துவிட்டேன். இப்போது அது ஷெட்டில் தனி ஸ்டாண்டில் இருக்கிறது. ரேடியேட்டர், பேட்டரி இணைத்து அங்கேயே ஓடவிடப் போகிறேன். அதன் எடையும் முறுக்கும் ஸ்டாண்டு வழியாகத் தரைக்குப் போகட்டும்.

பழைய 1489 போன மாதம் உள்ளே போனது. அதையும் செயினில்தான் இறக்கினேன். பக்கத்தில் நின்ற பாய் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பீடி பற்றவைத்தார், அவ்வளவுதான்.

போன ஞாயிறு அப்பாவை உட்காரவைத்து ஆம்பூர் வரை போய் வந்தேன். ஹைவேயில் லாரிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. அறுபதுக்கு மேல் நான் மிதிக்கவில்லை. அப்பா பழைய டேனரி கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தச் சொன்னார், இறங்கவில்லை, ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். “போலாம்” என்றார். வீட்டுக்கு வந்து குனிந்து ஷூ கழற்றும்போதுதான் கவனித்தேன். நாள் முழுக்க முதுகு ஞாபகமே வரவில்லை.