வெளிநாடு செல்லும் மூலதனம்: இந்தியாவும் சீனாவும்

மூலதனம் செல்வ நாடுகளிலிருந்து வளரும் நாடுகளுக்குப் பாய்வது என்பதே பொருளாதாரப் பாடநூல்களில் நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. ஆயினும் வளரும் நாடுகள் தாமே பிற நாடுகளில் ஆலைகளையும் சுரங்கங்களையும் நடத்துவது புதிதன்று. 1960ஆம் ஆண்டளவிலேயே பிர்லா குழுமம் எதியோப்பியாவில் நெசவாலை ஒன்றை நிறுவியது. எனினும், இத்துறையில் பின்னர் இறங்கிய சீனா இந்தியாவை வெகுதூரம் கடந்து சென்றுவிட்டது. 2000ஆம் ஆண்டு இறுதியில் வெளிநாடுகளில் சீனாவின் நேரடி முதலீட்டு இருப்பு ஏறத்தாழ 2,800 கோடி டாலர். இந்தியாவினுடையது 200 கோடி டாலருக்கும் குறைவு. 2022இலும் சீனாவின் இருப்பு இந்தியாவினுடையதைப் போல் பத்து மடங்குக்கு மேலாகவே இருந்தது. சீனப் பொருளாதாரத்தின் பருமனைக் கொண்டு மட்டும் இதனை விளக்கிவிட இயலாது. வெளியே செல்வது யாருடைய பணம், முடிவு யாருடையது என்பதையும் ஆராய வேண்டும்.

எந்திரமே மூலதனம்

வெளிநாட்டுக் கூட்டு முயற்சிகளுக்கான முதல் நெறிமுறைகளை இந்திய அரசு 1969இல் வகுத்தது. இந்தியப் பங்கு சிறுபான்மையாக இருத்தல் வேண்டும். பங்கு முதலை ரொக்கமாக அனுப்பாமல், இந்தியாவில் செய்த புதிய எந்திரங்களாக அனுப்புதல் வேண்டும் என்பனவே அவற்றின் சாரம். அந்நியச் செலாவணி அரிதாக இருந்த காலத்தில் இது சிக்கன நடவடிக்கை மட்டுமன்று. எந்திர ஏற்றுமதிக்கும் ஒரு வழி.

அதே 1969இல் ஏகபோகக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இயற்றப்பட்டது. பெருந்தொழிற் குழுமங்கள் உள்நாட்டில் புதிய ஆலை தொடங்குவது கடினமாயிற்று. பிர்லா குழுமம் 1969இல் தாய்லாந்திலும், 1973இல் இந்தோனேசியாவிலும் நூற்பாலைகளைத் தொடங்கியதை இப்பின்னணியில் காண வேண்டும். இந்திய மூலதனத்தை வெளியே அனுப்பியது அரசின் திட்டமன்று. உள்நாட்டில் வளர இடமில்லாத நிலையே அதற்குப் பெரிதும் காரணம் எனலாம்.

1991ஆம் ஆண்டுச் செலாவணி நெருக்கடிக்குப் பின் விதிகள் படிப்படியாகத் தளர்ந்தன. 2007இல், நிறுவனம் தன் நிகர மதிப்பைப் போல் நான்கு மடங்கு வரை ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியின்றி வெளிநாட்டில் முதலிடலாம் என்றாயிற்று. டாடா ஸ்டீல் அவ்வாண்டு ஐரோப்பாவின் கோரஸ் நிறுவனத்தைச் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்கியது.

அரசின் கரம்

சீனாவின் பாதை வேறு. 1979இல் வெளிநாட்டில் தொழில் தொடங்க அனுமதி கிடைத்தபோது, அரசு நிறுவனங்களே அதனைப் பயன்படுத்தின. ஷோகாங் என்னும் அரசு எஃகு நிறுவனம் 1992இல் பெரு நாட்டின் இரும்புத் தாதுச் சுரங்கத்தை வாங்கியது குறிப்பிடத்தக்கது. 2001இல் தொடங்கிய பத்தாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் ‘வெளியே செல்லுதல்’ தேசியக் கொள்கையாகவே இடம்பெற்றது. வணிக உபரியால் பெருகிய செலாவணிக் கையிருப்பு 2006இல் ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. அரசு வங்கிகள் தாராளமாகக் கடன் அளித்தன. இந்தியாவின் நடப்புக் கணக்கிலோ பெரும்பாலான ஆண்டுகளில் பற்றாக்குறையே. பிறர் இங்கு இட்ட மூலதனமும் கடனுமே நம் கையிருப்பை வளர்த்தன. 2013இல் ரூபாய் மதிப்பு சரிந்தவுடன் ரிசர்வ் வங்கி அந்த நான்கு மடங்கு வரம்பை ஒரு மடங்காகக் குறைக்க நேர்ந்தது இதனாலேயே. மறு ஆண்டில் அது மீட்கப்பட்டது. சீனாவும் இத்தகைய கவலைக்கு விலக்கன்று. 2016இல் வெளியேற்றம் அளவு மீறியதும், நிலம், உணவு விடுதி, திரையரங்கு, விளையாட்டுக் கழகம் ஆகியவற்றில் முதலிடுவதை மறு ஆண்டே அது கட்டுப்படுத்தியது.

இவ்வேறுபாடு எண்ணெய்த் துறையில் நன்கு புலப்படும். சூடானின் நைல் எண்ணெய்க் கூட்டமைப்பில் சீன தேசியப் பெட்ரோலிய நிறுவனம் 40 விழுக்காட்டுப் பங்கு கொண்டிருந்தது. இந்தியாவின் ஓ.என்.ஜி.சி. விதேஷ் 2003இல் கனடிய நிறுவனம் ஒன்றிடமிருந்து 25 விழுக்காட்டை வாங்கி அங்கு நுழைந்தது. இரண்டும் அரசு நிறுவனங்களே. ஆயினும் 2005இல் பெட்ரோ கஜகஸ்தான் நிறுவனத்துக்கான போட்டியில் 418 கோடி டாலர் அளித்துச் சீனா வென்றது. 2013இல் கஷாகான் எண்ணெய் வயலில் இந்தியா விலை பேசி முடித்த பங்கைக் கஜகஸ்தான் அரசு தன் முன்னுரிமையைப் பயன்படுத்தித் தானே எடுத்துச் சீனாவுக்கு அளித்தது. இந்தியப் பொதுத்துறை நிறுவனம் பெருந்தொகை முதலிட அமைச்சரவையின் ஒப்புதல் பெற வேண்டும். சீன நிறுவனத்தின் பின்னே அரசு வங்கியின் கடனும், குழாய்வழி அமைத்துத் தரும் வாக்குறுதியும் நின்றன.

புள்ளிவிவரங்களைக் கையாள்வோர் ஒன்றை மறத்தலாகாது. சீன முதலீட்டில் பாதிக்கு மேல் ஹாங்காங்குக்குச் செல்வதாகவே பதிவாகிறது. அதில் ஒரு பகுதி அந்நிய மூலதனம் என்ற பெயரில் சீனாவுக்கே திரும்புவதும் உண்டு. இந்திய முதலீடும் சிங்கப்பூர், மொரீஷியஸ், நெதர்லாந்து வழியாகப் பிற நாடுகளை அடைகிறது. முதல் ஊரின் பெயரைக் கொண்டு சேருமிடத்தை முடிவு செய்தல் பிழையாகும்.

இழப்பு யாரைச் சேரும்?

கோரஸை வாங்கிய தொகையில் பெரும்பகுதி கடன். மறு ஆண்டே உலக நெருக்கடியால் எஃகுத் தேவை விழுந்தது. 2016இல் அதன் ஸ்கன்தார்ப் ஆலையை டாடா ஸ்டீல் பெயரளவில் ஒரு பவுண்டுக்கு விற்றது. அவ்வாலை 2020இல் ஜிங்யே என்னும் சீனத் தனியார் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இவ்வாறு ஒரே பழைய நிறுவனத்தின் இரு பகுதிகள் இரு வளரும் நாட்டு முதலாளிகளிடம் சேர்ந்தன. இரண்டும் நட்டத்தில் ஓடின. போர்ட் டால்பட்டில் டாடா ஸ்டீல் தன் கடைசி ஊதுலையை 2024 செப்டம்பரில் மூடியது. அங்கு அமையும் மின் உலைக்கான 125 கோடி பவுண்டில் 50 கோடியைப் பிரிட்டிஷ் அரசு ஏற்றது. ஸ்கன்தார்ப்பில் ஊதுலைகளை மூட ஜிங்யே முற்பட்டபோது, 2025 ஏப்ரலில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சனிக்கிழமையன்று கூடிச் சட்டம் இயற்றியது; உரிமை ஜிங்யேயிடமே இருக்க, ஆலையை இயக்கும் பொறுப்பை அரசு எடுத்துக்கொண்டது.