தேன் பாட்டிலும் தண்ணீர்க் கணக்கும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் மிளகும் ஏலக்காயும் கிராம்பும் அடுக்கிய கடைகளில் ஒரு ஓரத்தில் தேன் பாட்டில்கள் நிற்கும். அப்படியொரு கடையில், மாசி முடிந்து பங்குனி பிறந்த நேரம். ஒரு அம்மா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாக மணல்போல் உறைந்திருந்தது. “சீனியக் காய்ச்சி ஊத்திருக்காங்க” என்று சொல்லித் திரும்ப வைத்துவிட்டார். அந்தத் தேனைக் கொண்டுவந்து கொடுத்தவர், கோதமங்கலம் பக்கம் இருபது பெட்டி வைத்திருப்பவர், பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் வாய் திறக்கவில்லை.

அதே அலமாரியில் இன்னொரு பாட்டில். தெளிவான தேன், கழுத்தில் மெல்லிய நுரை வளையம். அதை யாரும் சந்தேகப்படவில்லை. உண்மையில் கெடத் தொடங்கியிருந்தது அதுதான். நல்லதைக் கீழே வைத்துக் கெட்டதை வாங்கிப் போகிறோம் என்பது என்னை உறுத்துகிறது. பெட்டி வைத்திருப்பவர்களும் வாங்குபவர்களும் என்னிடம் மாறி மாறிக் கேட்டவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அடியில் உறைந்தால் அது சீனிதானே?

சர்க்கரைதான், ஆனால் தேனிலேயே உள்ள சர்க்கரை. தேனில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற இரண்டும் முக்கியமானவை. குளுக்கோஸ் கூடுதலாக இருக்கும் தேன் சீக்கிரம் மணல் கட்டும். எர்ணாகுளம் மாவட்டத்தின் கிழக்கே மூவாற்றுப்புழா, கோதமங்கலம் பக்கமும், தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்திலும் கிடைப்பது பெரும்பாலும் ரப்பர் தேன். அது சில வாரங்களிலேயே உறையும்.

ரப்பர் தேனைப் ‘பூத்தேன்’ என்று சொல்வதும் சரியில்லை. டிசம்பர், ஜனவரியில் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, இலைக்காம்பின் முனையில் மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்தில் தேன் சுரக்கும். தேனீ பூவைத் தேடாமல் அங்கே வந்து உறிஞ்சும். ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை, இந்தத் துளிர்க்காலம்தான் தென்கேரளத்தின் தேன் அறுவடை. மார்த்தாண்டத்துக்காரர்கள் பெட்டிகளை வண்டியேற்றி ரப்பர் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் வைப்பதும் இதற்காகத்தான். 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தில் பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். அந்த ஊர்த் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

உறைந்த பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில், கை பொறுக்கும் சூட்டில், அதாவது 40 முதல் 45 டிகிரி வரை, மூடியைத் தளர்த்தி வைத்தால் இளகிவிடும். அடுப்பில் நேராக வைக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் வேகமாக உறையும், அவ்வளவுதான்.

தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது?

இவற்றில் ஒன்றும் உதவாது. கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரில் நூல்போல் இறங்கும். நல்ல தேனையும் எறும்பு மொய்க்கும். கலப்படம் செய்பவர்கள் இவற்றையெல்லாம் தாண்டி வெகுதூரம் போய்விட்டார்கள். கரும்பு, மக்காச்சோளப் பாகைக் கண்டுபிடிக்கக் கார்பன் ஐசோடோப் சோதனை உண்டு. அந்தப் பயிர்கள் ஒளிச்சேர்க்கை செய்யும் முறை வேறு என்பதால் பாகு காட்டிக்கொடுக்கும். நெல்லோ தேனீ நாடும் மரங்களைப் போலவே செயல்படுவது. அதனால் அரிசிப் பாகு அந்தச் சோதனையில் தப்பிவிடுகிறது. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், இந்தியாவில் விற்கும் 13 பிராண்டுகளை ஜெர்மனியில் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு (என்.எம்.ஆர்.) சோதனைக்கு அனுப்பியது. 10 பிராண்டுகள் தேறவில்லை. இந்திய ஆய்வகச் சோதனைகளில் அவற்றில் பலவும் தேறியிருந்தன.

ஆய்வகத்தையே ஏய்க்கும் பாகை நம் தீக்குச்சி பிடிக்குமா? தெரிந்தவரிடம் வாங்குவதே சிறந்த சோதனை என்பேன். பெட்டி எங்கே இருக்கிறது, எந்த மாதம் எடுத்தது என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர் மகிழ்ந்து சொல்வார்.

பிறகு எதைத்தான் பார்ப்பது?

தண்ணீரை. தேனில் எப்போதும் தண்ணீர் உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு தர நிர்ணய ஆணையத்தின் தரநிலைப்படி அது 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அதைத் தாண்டினால் தேனில் இயல்பாகவே இருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். நுரை, புளிப்பு, மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்ற சத்தம் எல்லாம் அதன் வேலை.

இங்கேதான் நம் ஊர்த் தேனீ வளர்ப்பவருக்கு இடி. நம் பெட்டிகளில் இருப்பது இந்தியத் தேனீ. ஈரப்பதம் மிகுந்த இந்தக் கடலோர மண்ணில் அது தேனடையை மெழுகால் மூடி முத்திரையிட்ட பிறகும்கூடத் தேனில் 22, 23 சதவீதம் தண்ணீர் நிற்பது சாதாரணம். பழைய அக்மார்க் தரப்பிரிவுகளில் 25 சதவீதம் வரை இடமிருந்தது. இப்போது வரம்பு 20.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வலி புரியும். 23 சதவீதத் தண்ணீர் உள்ள 10 கிலோ தேனில் தண்ணீர் மட்டும் 2 கிலோ 300 கிராம். அதை 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் கையில் மிஞ்சுவது 9 கிலோ 625 கிராம். 375 கிராம் காற்றோடு போகிறது. ஒழுங்காகச் செய்பவர் இந்த நஷ்டத்தைத் தாங்குகிறார். செய்யாதவர் தண்ணீரையும் தேன் விலைக்கு விற்கிறார். அடுத்தமுறை ஒருவர் ஐம்பது ரூபாய் கூடுதலாகச் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது நிறைய. தேனடை கட்டிய மரச்சட்டத்தில் முக்கால் பங்காவது மெழுகு மூடிய பிறகே தேன் எடுங்கள். மூடாத தேனடையைச் சட்டத்தோடு எடுத்து ஒரு உதறு உதறுங்கள், துளி தெறித்தால் அது இன்னும் பழுக்காத தேன். ஒளிவிலகல்மானி என்று கையடக்கக் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒரு துளி தடவி வெளிச்சத்தில் பார்த்தால் தண்ணீர் எத்தனை சதவீதம் என்று கோடு காட்டும். ஒருவரால் முடியாவிட்டால் ஐந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

அடுத்தது பாட்டில். தேன் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் நல்ல தேன் தாக்குப்பிடிக்கும். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துவிட்டால் கொச்சியில் அது 80-ஐத் தாண்டும். அந்த நாட்களில் அண்டாவைத் திறந்து வைத்து நிதானமாக பாட்டிலில் ஊற்றினால் மேல்பரப்பு நீர்த்துவிடும், புளிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். மழைக்கு முன்பே பாட்டிலில் அடைத்து முடியுங்கள். கழுவிய பாட்டிலை இரவு முழுக்கத் துணிமேல் கவிழ்த்து வைத்தால் காய்ந்துவிட்டது என்று நினைப்போம். காலையில் உள்ளே விரல்விட்டுத் தோள்பக்கம் தடவிப் பாருங்கள், ஈரம் ஒட்டும். 500 கிராம் தேனில் ஒரு தேக்கரண்டி, 5 கிராம், தண்ணீர் சேர்ந்தாலே 20 சதவீதம் 20.8 ஆகிவிடும். நல்ல வெயிலில் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் ஊற்றுங்கள். தேனைத் துணியில் வடிகட்டி இரண்டு மூன்று நாள் அசையாமல் மூடிவைத்தால் மெழுகுத் துணுக்கும் நுரையும் மேலே வந்துவிடும். அடியில் குழாய் வைத்த பாத்திரமானால் தெளிந்தது மட்டும் இறங்கும். இரும்பு, செம்புப் பாத்திரம் வேண்டாம், தேன் அமிலத்தன்மை உள்ளது. துருப்பிடிக்காத எஃகு நல்லது.

காய்ச்சிய தேன் செத்த தேன் என்கிறார்களே?

மிகைதான், ஆனாலும் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வெந்நீருக்குள் பாத்திரத்தை இறக்கி 60, 65 டிகிரியில் சில நிமிடம் வைத்து, உடனே ஆற்றினால் ஈஸ்ட் அடங்கும். தேனும் பெரிதாகக் கெடாது. நேரடித் தீயில் கொதிக்க வைத்தால் மணம் போகும், நொதிகள் அழியும், ஹைட்ராக்ஸிமெத்தில்ஃபர்ஃப்யூரல் என்ற பொருள் ஏறும். அதற்கு நம் தரநிலை ஒரு கிலோவுக்கு 80 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. நம் வெக்கையில் பாட்டில் வெறுமனே வருடக்கணக்கில் நின்றாலும் அது ஏறிக்கொண்டேதான் இருக்கும். எடுத்த வருடத் தேனை அந்த வருடமே விற்றுத் தீர்ப்பது உத்தமம்.

மழைக்காலத்தில் பெட்டிக்குச் சீனிப் பாகு ஊற்றுகிறார்களாமே?

ஊற்றுகிறார்கள், மறைக்க வேண்டியதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பூவும் இல்லை, துளிரும் இல்லை, தேனீ வெளியே போகவும் முடியாது. அப்போது பாகு கொடுக்காவிட்டால் கூட்டம் பட்டினியில் சாகும், அல்லது பெட்டியை விட்டுப் பறந்துவிடும். 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்து பைப்புழு நோய் தென்னிந்தியா முழுக்கப் பெட்டிகளைக் காலி செய்தது. அந்தக் காலத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு கூட்டத்தைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். பாகை நிறுத்திய பிறகு, துளிர்க்காலம் தொடங்கும்போதுதான் நாம் தேன் எடுக்கும் மேலடுக்கான தேன் அறையை ஏற்ற வேண்டும். தேன் அறை இருக்கும்போது பாகு கொடுத்தால் மட்டுமே அது மோசடி.

சிறுதேன் ஏன் புளிக்கிறது? விலையும் ஏன் பல மடங்கு?

மலையாளத்தில் செறுதேன், தமிழில் கொசுத்தேன். கொட்டத் தெரியாத குட்டித் தேனீ, பழைய சுவர்ப் பொந்திலும் மூங்கில் துண்டிலும் மீட்டர் பெட்டியிலும்கூடக் குடியிருக்கும். மெழுகும் மரப்பிசினும் குழைத்த சின்னச் சின்னக் குடங்களில் தேனைச் சேர்க்கும். ஒரு கூட்டிலிருந்து ஒரு வருடத்தில் அரைக்கிலோ கிடைத்தால் அதிர்ஷ்டம், விலைக்குக் காரணம் அதுவே. அந்தத் தேனில் இயல்பாகவே தண்ணீரும் புளிப்பும் கூடுதல். மலேசியா 2017-ல் இதற்கெனத் தனித் தரநிலை வகுத்து 35 சதவீதம் வரை தண்ணீரை ஏற்றுக்கொண்டது. நமக்கும் அப்படியொன்று வேண்டும் என்பது என் கருத்து. வாங்குபவர்கள் சின்ன பாட்டிலாக வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

ஒரு குப்பி என்றால் ஒரு கிலோவா?

750 மில்லி பழைய பாட்டிலில் ஊற்றி ‘ஒரு கிலோ’ என்று விற்பது இங்கே நெடுநாள் வழக்கம். ஏமாற்று இல்லை. ஒரு லிட்டர் தேன் கிட்டத்தட்ட 1 கிலோ 400 கிராம் இருக்கும். ஆக, நிரம்பிய குப்பியில் 1 கிலோவுக்குச் சற்று மேலேயே வரும். ஆனால் கடைக்கு வரும் பொட்டலத்தில் மில்லி செல்லாது, எடைதான் அச்சிட வேண்டும். வெறும் பாட்டிலை மூடியோடு எடைபோட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். தராசில் எடையளவுத் துறையின் முத்திரை அந்தந்த வருடம் இருக்க வேண்டும்.

இருபது பெட்டிக்காரருக்கும் லேபிள், பதிவு எல்லாம் வேண்டுமா?

வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் சிறு உற்பத்தியாளர் பதிவு எளிது. கேரள அரசின் அக்ஷயா சேவை மையத்தில் ஆவணங்களோடு போனால் விண்ணப்பித்துத் தருவார்கள். 14 இலக்க எண் கிடைக்கும், அது லேபிளில் வர வேண்டும். கூடவே பெயர், முகவரி, நிகர எடை, அடைத்த மாதம் வருடம், எத்தனை நாளுக்குள் பயன்படுத்தலாம் என்பது, தொகுதி எண், அதிகபட்ச விலை, புகாருக்குத் தொடர்பு எண், சைவக் குறியான பச்சைப் புள்ளி. ஒரு கிராமின் விலையையும் சொல்ல வேண்டும். 500 கிராம் 300 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.60 ரூபாய். பெட்டித் தேனைக் ‘காட்டுத்தேன்’ என்று எழுதாதீர்கள். நோய் தீரும் என்று எழுதினால் வழக்கு வரும்.

சர்க்கரை நோயாளி சாப்பிடலாமா?

தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. மருத்துவர் அனுமதித்த சர்க்கரை அளவுக்குள்தான் தேனும்.

பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்கலாமா?

கூடாது. தமிழர் வீட்டில் சேனை, மலையாளி வீட்டில் பொன்னும் தேனும் என்று, பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பாகத் தேன் தொடுவது இரண்டு பக்கமும் உள்ள வழக்கம். ஆனால் எவ்வளவு சுத்தமான தேனிலும் பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். நமக்கு அவை ஒன்றும் செய்யாது. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சு சுரக்கும். மலச்சிக்கலில் தொடங்கும், பால் உறிஞ்சும் வலு குறையும், அழுகை நலியும், தலை நிற்காமல் தொங்கும். அப்படி இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பாட்டிலில் அடைப்பதற்குக் காட்டும் சூட்டில் அந்த வித்துகள் சாகாது. அதனால் இது தேனின் தரத்தைப் பற்றிய பேச்சே இல்லை. பெட்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ‘ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்’ என்ற வரியை மலையாளத்திலும் தமிழிலும், கண்ணாடி போடாத பாட்டிக்கும் தெரிகிற பெரிய எழுத்தில், லேபிளின் முன்பக்கத்தில் அச்சிடுங்கள்.