தலைப்பேன்: முதல் நாள் மருந்தைவிட ஒன்பதாம் நாள் மருந்தே முக்கியம்

ஸ்ரீ விஜயபுரம்: பள்ளி செல்லும் குழந்தைகளின் தலையில் பேன் காணப்பட்டால் அன்றே மருந்து தடவி முடித்துவிடுவது பல குடும்பங்களின் வழக்கம். இரண்டு வாரங்களில் அரிப்பு மீண்டும் தொடங்கும்போது, மருந்து போலி என்றோ, பள்ளியிலிருந்து மறுபடி வந்துவிட்டது என்றோ கருதப்படுகிறது. பல நேரங்களில் இவ்விரண்டும் காரணமல்ல. இரண்டாவது முறை மருந்து தடவப்படாததே காரணம்.

பெண் பேன் நாளொன்றுக்கு எட்டு முட்டைகள் வரை இடும். ஈர் எனப்படும் இம்முட்டைகள் மயிரின் அடிப்பகுதியில் பசைபோல் ஒட்டிக்கொண்டு, 7 முதல் 10 நாள்களில் பொரிகின்றன. மருந்துக் கடைகளில் கிடைக்கும் 1 சதவீத பெர்மெத்ரின் திரவம் உயிருள்ள பேன்களைக் கொல்லும், ஈர்களைக் கொல்லாது. பொரிந்த குஞ்சு வளர்ந்து முட்டையிட மேலும் 9 முதல் 12 நாள்கள் தேவை. இந்த இடைவெளியில்தான் இரண்டாவது முறை மருந்து தடவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முதல் முறை தடவினால், ஒன்பது நாள் கழித்து வரும் செவ்வாய்க்கிழமை அதற்குப் பொருத்தமானது.

அந்தமான் நிக்கோபாரில் இந்தக் கணக்குக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. தலைநகரிலிருந்து தொலைவிலுள்ள கச்சல், கார் நிக்கோபார் போன்ற தீவுகளுக்குப் பொருள்கள் பெரும்பாலும் கப்பலிலேயே செல்கின்றன. பருவமழையில் கடல் கொந்தளித்தால் அதுவும் தாமதமாகும். எனவே இரண்டு முறைக்கும் தேவையான மருந்தை முதலிலேயே வாங்கி வைப்பது நல்லது.

வீட்டிலுள்ள அனைவரின் தலையையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். உயிருள்ள பேன் உள்ளவர்களுக்கும், அவர்களுடன் ஒரே படுக்கையில் உறங்குபவர்களுக்கும் ஒரே நாளில் மருந்திட வேண்டும். கார் நிக்கோபாரின் 'துஹேத்' போன்ற பெரிய கூட்டுக்குடும்பங்களிலும், பள்ளி விடுதிகளிலும் ஒருவர் விடுபட்டாலும் முயற்சி வீணாகலாம். தலையைக் கழுவித் துவட்டிய பின் திரவத்தைத் தடவி, 10 நிமிடங்களில் அலச வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது கூடாது. இரண்டு முறைக்குப் பின்னும் பேன் உயிருடன் ஊர்ந்தால், அம்மருந்தைத் தாங்கும் திறனை அவை பெற்றிருக்கலாம். அப்போது ஐவர்மெக்டின் போன்ற மாற்று மருந்தை மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும்.

மருந்து கிடைக்காவிட்டால் பேன் சீப்பே துணை. கூந்தலை நனைத்து, கண்டிஷனர் அல்லது தேங்காய் எண்ணெய் தடவி, அடிமுதல் நுனிவரை பகுதி பகுதியாக வார வேண்டும். மூன்று நாளுக்கொரு முறை, குறைந்தது இரண்டு வாரமேனும் இதைத் தொடர வேண்டும். எண்ணெய் பேனைக் கொல்லும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. சீப்பு வழுக்கிச் செல்ல உதவும், அவ்வளவே.

வீட்டு வைத்தியங்களில் சில ஆபத்தானவை. அரைத்த சீத்தாப்பழ விதை பேனைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் அது கண்ணில் பட்டால் கருவிழியின் மேற்பரப்பு உரிந்து கடும் வலி ஏற்படும். இத்தகைய பாதிப்புகளை இந்தியக் கண் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். மண்ணெண்ணெய் தீப்பற்றும். வயலுக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லியோ தோல் வழியே உடலுக்குள் சென்று உயிரையே பறிக்கலாம்.

பேன் பறப்பதில்லை, தாவுவதுமில்லை. தலையோடு தலை சேரும்போதே பெரும்பாலும் பரவுகிறது. தலையை விட்டு விலகினால் ஓரிரு நாளில் இறந்துவிடும். ஆகவே வீடு முழுவதும் மருந்தடிக்கத் தேவையில்லை. சீப்பு, தலையணை உறை, துண்டு ஆகியவற்றை வெந்நீரில் அலசினால் போதும். சுத்தமான தலையிலும் பேன் வாழும் என்பதால், இதைத் தூய்மைக் குறைவாகக் கருதுவது தவறு.

பேன் உள்ள குழந்தையை வகுப்பிலிருந்து அனுப்பத் தேவையில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2022-இல் வெளியிட்ட அறிக்கையும் கூறுகிறது. தலைப்பேன் நோய் பரப்புவதாக அறியப்படவில்லை. முதல் முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். கண்டறியும் நாளில் அக்குழந்தை பல வாரங்களாக வகுப்பில்தான் இருந்திருக்கும். பேனைப் பெருமாளாக்கி எல்லோர் முன்னிலையிலும் தலையைச் சோதிப்பதையும், மொட்டையடிக்க வற்புறுத்துவதையும் தவிர்த்து, பெற்றோருக்குத் தனியே தெரிவித்து, மருந்திட வேண்டிய இரு தேதிகளையும் குறித்துக் கொடுப்பதே ஆசிரியர்கள் செய்யக்கூடிய பேருதவி.